'தற்காலிகம்' என்றால் எந்தக் காலம்?

ரயில் முன்பதிவு மையத்தில் காலை 10:50. ஸ்லீப்பர் வகுப்புக்கான தட்கல் 11 மணிக்குத் திறக்கும். படிவத்தை நிரப்பிக் கையில் பிடித்துக்கொண்டு எனக்கு முன்னால் ஆறு பேர். மூன்று கவுன்ட்டர்களில் ஒன்றின் கண்ணாடிக்குப் பின்னால் ஓர் அட்டை சாய்ந்திருந்தது. 'தற்காலிகமாக மூடப்பட்டுள்ளது'. அட்டையின் ஓரம் பழுப்பேறி, ஒட்டியிருந்த செலோடேப் காய்ந்து சுருண்டிருந்தது. எனக்கு முன்னால் நின்ற பெரியவர் படிவத்தைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார்.

அவர் படிவத்தில் இருந்த தட்கலும் அட்டையில் இருந்த தற்காலிகமும் ஒரே வேரில் பிறந்தவை. ஒன்றுக்கு 'உடனே' என்று பொருள். இன்னொன்றுக்கு 'கொஞ்ச நாளைக்கு' என்று பொருள். ஒரு சொல் எப்படி இப்படி இரண்டு திசையில் போனது என்று பார்க்கத் தொடங்கினால், கடைசியில் சட்டப் புத்தகத்திலும் சம்பளப் பட்டியலிலும் போய் நிற்கிறது.

வேர் வடமொழியில் இருக்கிறது. 'தத்' என்றால் 'அது', 'அந்த'. 'தத்காலம்' என்றால் அந்தக் காலம், அந்த வேளை. வடமொழியின் 'த்' க, ச, ப ஆகிய எழுத்துகளுக்கு முன்னால் வரும்போது தமிழில் 'ற்' ஆக எழுதுவது பழைய வழக்கம். உத்பத்தி உற்பத்தி ஆனதும், உத்சாகம் உற்சாகம் ஆனதும், சத்குணம் சற்குணம் ஆனதும் அப்படித்தான். அதே வழியில் தத்காலம் தற்காலம் ஆனது.

இங்கே ஒரு மயக்கம் வந்துவிடுகிறது. நம் சொந்தச் சொல்லான 'தன்' வல்லினத்தின் முன்னால் 'தற்' ஆகும்: தற்கொலை, தற்பெருமை, தற்காப்பு. அதனால் தற்காலிகத்தையும் 'தன் காலம்' என்று பிரித்துப் பொருள் சொல்கிறவர்கள் உண்டு. 'தனக்கென்று ஒரு காலம் உள்ளது' என்ற விளக்கம் கேட்க அழகாக இருக்கும், ஆனால் சொல்லின் பிறப்பு அதுவல்ல. இந்தத் 'தற்' தன்னைச் சுட்டவில்லை. வெளியே இருக்கும் ஒரு வேளையைக் கைநீட்டி 'அது' என்று காட்டுகிறது.

பழைய அச்சுப் பிரதிகளில் 'தாற்காலிகம்' என்று நெடிலோடு பார்த்திருப்பீர்கள். அச்சுப்பிழை இல்லை, இலக்கணப்படி அதுதான் நேர் வடிவம். வடமொழியில் ஒரு பெயரோடு 'இக' சேர்த்துப் பெயரடை ஆக்கும்போது முதல் எழுத்தின் உயிர் நீளும் அல்லது மாறும். தருமம் தார்மிகம் ஆகும், வேதம் வைதிகம் ஆகும், லோகம் லௌகிகம் ஆகும். அப்படியே தத்காலம் தாத்காலிகம் ஆகும், தமிழில் தாற்காலிகம். 'தற்காலம்' என்ற சொல் பக்கத்திலேயே புழங்கியதால் அதன் குறில் இதற்கும் ஒட்டிக்கொண்டது என்றே எனக்குப் படுகிறது. இன்று குறிலோடு எழுதுவதே பெருவழக்கு. அதைத் தவறு என்று திருத்தப் போக வேண்டியதில்லை.

தற்காலத்திடம் எனக்குப் பிடித்த ஒன்று உண்டு. வேர்ப்பொருள் 'அந்தக் காலம்'. ஆனால் நாம் 'தற்கால இலக்கியம்' என்றால் இந்தக் காலத்து இலக்கியம். பாட்டி 'அந்தக் காலத்துல' என்று தொடங்கினால் அது தற்காலத்துக்கு நேர் எதிர். தூரத்தைச் சுட்டிய விரல் தமிழுக்குள் வந்ததும் மடங்கி, நின்ற இடத்தையே சுட்டத் தொடங்கிவிட்டது. தற்சமயமும் அப்படித்தான்.

சரி, தட்கலுக்கு வருவோம். வடமொழியில் 'அந்த வேளையிலேயே' என்ற பொருள் இருந்தது. இந்தி அதைத் 'தத்கால்' என்று எடுத்துக்கொண்டு 'அக்கணமே, உடனே' என்று ஆக்கிக்கொண்டது. தற்காலிகம் என்று சொல்ல இந்திக்காரர்களுக்கு வேறு சொல் இருக்கிறது: 'அஸ்தாயி', நிலையில்லாதது. ஆகவே 1997 டிசம்பரில் ரயில்வே அவசரப் பயணிகளுக்கென்று ஒரு திட்டம் கொண்டுவந்தபோது அதற்குத் தட்கல் என்று பெயர் வைத்தது அவர்கள் காதில் பொருத்தமாக விழுந்தது. தெற்கே அதே சொல் 'அந்த வேளைக்கு மட்டும்' என்ற பக்கம் சாய்ந்தது. தெலுங்கிலும் கன்னடத்திலும் 'தாத்காலிக' என்றால் கொஞ்ச காலத்துக்கானது. மலையாளத்தில் 'தத்காலம் இது மதி' என்றால் 'இப்போதைக்கு இது போதும்'. ஒரு மலையாளி 'தத்காலம்' என்பதற்கும் ஓர் இந்திக்காரர் 'தத்கால்' என்பதற்கும் ஒலியில் ஒரு மூச்சுதான் இடைவெளி, பொருளில் வேறு ஊர்.

சிங்களத்தில் இன்னும் நுணுக்கமான உறவுக்காரச் சொல் இருக்கிறது: 'தாவகாலிக'. இதில் இருப்பது 'தத்' இல்லை, 'தாவத்', அதாவது 'அவ்வளவு'. அந்த அளவு காலத்துக்கு. பாலி மொழியிலிருந்து வந்த சொல் அது. பௌத்தப் பிக்குகளுக்கான ஒழுக்க விதிகளில், இரவலாக எடுத்த பொருள் திருட்டாகாது என்று சொல்லும் இடத்தில் இச்சொல் வருகிறது. திருப்பிக் கொடுப்பேன் என்ற எண்ணத்தோடு எடுத்தால் அது தாவகாலிகம். அதே விதிநூல் பிக்கு ஏற்கும் உண்பொருள்களையும் காலத்தால் நான்காகப் பிரிக்கிறது. சோறு முதலிய உணவு நண்பகல் வரை, பழச்சாறு மறுநாள் விடியும் வரை, நெய், எண்ணெய், தேன், வெல்லம் போன்றவை ஏழு நாள், மருந்துச் சரக்குகள் ஆயுள் முழுவதும். எவ்வளவு நேரம் என்று கேட்டால் ஒவ்வொன்றுக்கும் விடை இருக்கிறது. ஒரு சொல் 'காலம்' என்று வாய் திறந்தால் அளவையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்ற கறார் அதில் இருக்கிறது. அந்தக் கறார் எனக்கு மிகவும் பிடிக்கும்.

தமிழுக்கு இதற்கெல்லாம் கடன் சொல் தேவைப்பட்டதா என்றால், பேச்சில் தேவைப்படவே இல்லை. 'இப்போதைக்கு' என்று நாம் தினமும் சொல்கிறோம். அதன் வேலை முழுவதையும் கடைசியில் இருக்கும் 'க்கு' செய்கிறது. 'இப்போது இது இருக்கட்டும்' என்பதற்கும் 'இப்போதைக்கு இது இருக்கட்டும்' என்பதற்கும் உள்ள வேறுபாடு எந்தக் குழந்தைக்கும் தெரியும். இரண்டாவதில் ஒரு கெடு ஒளிந்திருக்கிறது, பிறகு வேறு ஏதோ வரப்போகிறது. லத்தீனும் இதையேதான் செய்தது. நாடாளுமன்றச் செய்திகளில் அடிபடும் 'ப்ரோ டெம்' சபாநாயகர் என்ற பெயரில் உள்ள லத்தீன் தொடருக்கு 'அந்த நேரத்துக்கு' என்று பொருள். அலுவலகங்களில் புழங்கும் 'அட் ஹாக்' என்பதற்கு 'இதற்கு', 'இதற்காக' என்று பொருள்.

இடைக்காலம் இன்னொரு நல்ல சொல். 'இடை' என்று சொன்னதுமே இரண்டு பக்கமும் ஏதோ இருக்க வேண்டும். இடைக்கால பட்ஜெட் என்றால், தேர்தல் முடிந்து புதிய அரசு முழு பட்ஜெட் போடும் வரை. அக்கரை கண்ணுக்குத் தெரிந்தால்தான் அது இடை. பதவிகளுக்கு வந்தால் தமிழகமும் இலங்கையும் பிரிகின்றன. உரியவர் இல்லாதபோது அந்த நாற்காலியைப் பார்த்துக்கொள்பவரை நாம் 'பொறுப்பு' என்கிறோம்: பொறுப்பு டிஜிபி, பொறுப்புத் தலைமை நீதிபதி. இலங்கைத் தமிழில் அவர் 'பதில்': பதில் அமைச்சர், பதில் நீதவான், பதில் பொலிஸ் மா அதிபர். பதில் என்பது 'மாற்று' என்று பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து உருது வழியாக வந்தது. நாம் கேள்விக்கான விடை என்ற பொருளில் அதிகம் புழங்குகிறோம். இலங்கையில் அதன் மூலப்பொருள் அரசாணையிலேயே உயிரோடு இருக்கிறது.

அப்புறம் ஒப்பேற்றுவது. மிக்ஸி ஜாரின் மூடி உடைந்துவிட்டால் ஒரு தட்டை மேலே வைத்து அமுக்கிப் பிடித்துச் சட்னி அரைத்து 'இன்னிக்கு ஒப்பேத்தியாச்சு' என்கிறோமே, அந்தச் சொல். 'ஒப்பேறு' என்றால் ஒத்துவரும் நிலைக்கு ஏறுவது, தேறுவது. தேறாதவனை 'ஒப்பேறாத பய' என்று திட்டுவதில் அந்தப் பொருள் இன்னும் இருக்கிறது. ஒப்பேற்றுவது அதன் பிறவினை, ஒன்றைத் தேறும் நிலைக்கு ஏற்றுவது. சொல்லின் பிறப்பில் அரைகுறைத்தனம் எதுவும் இல்லை. புழங்கிப் புழங்கி 'எப்படியோ சமாளிப்பது' என்று இறங்கிவிட்டது.

தமிழில் கொஞ்ச நாளைக்கான ஏற்பாட்டின் முழு உருவம் பந்தல்தான். பேச்சில் அதைத் 'தற்காலிகப் பந்தல்' என்று சொல்லத் தேவையே இல்லை. பந்தக்கால் நடும் நாளுக்கு முகூர்த்தம் பார்க்கும்போதே கல்யாணம் என்றைக்கு என்று எல்லோருக்கும் தெரியும். முடிந்ததும் பந்தலை யாரும் இடிப்பதில்லை, பிரிக்கிறார்கள். பிரிப்பதற்கென்றே கயிற்றில் முடிச்சுப் போடுகிறார்கள், ஆணி அடித்து இறுக்குவதில்லை. 'பிரி' என்ற வினையே அந்தக் கட்டுமானத்தின் உள்ளே இருக்கிறது.

சட்டங்களை நான் இந்தப் பந்தலை மனதில் வைத்துக்கொண்டுதான் படிக்கிறேன்.

இந்திய அரசியல் சாசனத்தின் 21ஆம் பகுதிக்குத் தலைப்பு 'தற்காலிகமான, இடைமாற்றத்துக்கான, சிறப்பு வகைமுறைகள்' என்ற பொருளில் இருக்கிறது. 1950இல் அங்கே தற்காலிகமும் இடைமாற்றமும் மட்டுமே இருந்தன. 'சிறப்பு' என்பது 1962இல் வந்த 13ஆவது திருத்தத்தில் சேர்ந்தது. காஷ்மீர் பற்றிய 370ஆவது பிரிவு இந்தப் பகுதியில்தான் இருந்தது, அதன் தலைப்பிலேயே 'தற்காலிக' என்ற சொல்லும் இருந்தது. ஆனால் தேதி இல்லை. அம்மாநிலத்தின் அரசியல் நிர்ணய சபை பரிந்துரைத்தால் குடியரசுத் தலைவர் அதை முடிவுக்குக் கொண்டுவரலாம் என்று மட்டும் இருந்தது. அந்தச் சபையோ 1957 வாக்கில் கலைந்துவிட்டது. பந்தலைப் பிரிக்க வேண்டியவர் ஊரைவிட்டுப் போய்விட்டால் அது இன்னும் பந்தல்தானா? தலைப்பில் தற்காலிகம் என்று இருந்தாலும் அந்தப் பிரிவு நடைமுறையில் தொடர்கிறது என்று உச்ச நீதிமன்றம் 2016இல் ஒரு வழக்கில் சொன்னது. 2019 ஆகஸ்டில் மத்திய அரசு அதைச் செயலிழக்கச் செய்தது. 2023 டிசம்பர் 11 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு, அது தற்காலிகமானதே என்று தீர்ப்பளித்து அரசின் நடவடிக்கையை ஏற்றது. அரசியலில் யார் எந்தப் பக்கம் நின்றாலும், வழக்கின் நடுவில் நின்றது ஒற்றைப் பெயரடை.

தேதி இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு 334ஆவது பிரிவு இருக்கிறது. மக்களவையிலும் சட்டமன்றங்களிலும் பட்டியல் சாதிகள், பழங்குடிகளுக்கான தனித்தொகுதிகள் பத்து ஆண்டுகளுக்கு என்று அது தொடங்கியது. கூடவே ஆங்கிலோ இந்தியர்களுக்கான நியமன இடங்களும். 'இடஒதுக்கீடே பத்து வருஷத்துக்குத்தானே சொன்னாங்க' என்று டீக்கடையிலிருந்து வாட்ஸ்அப் வரை சொல்லிக்கொண்டிருக்கும் பேச்சு இதிலிருந்து பிறந்ததுதான், அது முழுத் தவறு. கல்விக்கும் வேலைக்குமான இடஒதுக்கீட்டுக்குச் சாசனம் கெடு எதுவும் வைக்கவில்லை. கெடு சட்டமன்ற, மக்களவைத் தொகுதிகளுக்கு மட்டும். ஒவ்வொரு பத்தாண்டும் நாடாளுமன்றம் கூடி, தேவை இன்னும் இருக்கிறதா என்று பேசி, நீட்டித்து வந்திருக்கிறது. 2019இல் 104ஆவது திருத்தம் தனித்தொகுதிகளை 2030 வரை நீட்டித்தது, ஆங்கிலோ இந்திய நியமனத்தை நீட்டிக்கவில்லை. ஒரே பிரிவுக்குள் ஒன்று தொடர்ந்தது, இன்னொன்று முடிந்தது. இரண்டும் கேள்வி கேட்டு எடுத்த முடிவுகள். அந்த முடிவு சரியா என்று வாதாடலாம், ஆனால் வாதாட ஒரு நாள் குறிக்கப்பட்டிருந்தது.

ஆங்கிலம் மத்திய அரசின் அலுவல் மொழியாகத் தொடர்வதும் அப்படிக் கெடு வைத்த ஏற்பாடுதான்: 15 ஆண்டுகள், 1965 ஜனவரி 26 வரை. 1963 சட்டம் அதற்குப் பிறகும் ஆங்கிலம் தொடரலாம் என்றது. அந்த 'தொடரலாம்' போதாது என்றுதான் 1965இல் தமிழ்நாடு கொதித்தது. அடுத்து வந்த 1967 திருத்தச் சட்டம் தேதியைத் தூக்கிவிட்டு நிபந்தனை வைத்தது. இந்தியை அலுவல் மொழியாக ஏற்காத மாநிலங்களின் சட்டமன்றங்கள் எல்லாம் தீர்மானம் போட்டு, நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் தீர்மானம் போட்டால்தான் ஆங்கிலம் விலகும். முடிச்சை அவிழ்க்கும் கை மாறியது.

இலங்கையில் நடந்தது வேறு விதம், தமிழர்களை நேராகத் தொட்டது. 1979 ஜூலையில் வந்த 48ஆம் இலக்கச் சட்டத்தின் முழுப்பெயர் பயங்கரவாதத் தடுப்பு (தற்காலிக ஏற்பாடுகள்) சட்டம். அடைப்புக்குறிக்குள் இருந்ததை வெறும் அலங்காரம் என்று சொல்ல முடியாது. இச்சட்டம் மூன்று ஆண்டுகள் நடைமுறையில் இருக்கும் என்று அதன் உள்ளேயே ஒரு பிரிவு இருந்தது. 1982இல் ஒரு திருத்தம் வந்தது. அந்த மூன்றாண்டுப் பிரிவை அது நீக்கிவிட்டது. பெயரைத் தொடவில்லை. அமைச்சரின் ஆணையின் பேரில், மும்மூன்று மாதமாக நீட்டி 18 மாதம் வரை ஒருவரைத் தடுத்து வைக்கலாம் என்ற அதிகாரம் 'தற்காலிக ஏற்பாடுகள்' என்ற பெயரின் கீழேயே நாற்பது ஆண்டு இருந்தது. 2022 திருத்தம்தான் அதை 12 மாதமாகக் குறைத்தது. சட்டம் வந்தபோது பிறந்த பிள்ளைகள் அதற்குள் நடுவயதுக்கு வந்துவிட்டார்கள். யாழ்ப்பாணத்திலோ கிளிநொச்சியிலோ ஒரு தாயிடம் தற்காலிகம் என்றால் என்ன என்று அகராதியை வைத்து விளக்கப் போக முடியாது. ஒரு சொல்லிலிருந்து அதன் காலத்தை எடுத்துவிட்டுச் சொல்லை மட்டும் வைத்துக்கொள்வது எனக்குக் கோபம் தருகிறது. இரவலாக எடுத்த பொருளைத் திருப்பித் தராமல் 'இரவல்' என்ற சீட்டை மட்டும் அதன்மேல் ஒட்டி வைத்திருப்பது போன்றது அது.

பெரும்பாலான நமக்கு இந்தச் சொல் சட்டப் புத்தகத்தில் வருவதில்லை, சம்பளத்தில் வருகிறது. தற்காலிகப் பணியாளர், தொகுப்பூதியம், தினக்கூலி, ஒப்பந்தம், மதிப்பூதியம் என்று தமிழக அரசுத் தமிழில் இதற்கு ஒரு குடும்பமே இருக்கிறது. சில நேரம் பந்தல் பிரிந்து வீடு எழும்பியிருக்கிறது. தொகுப்பூதியத்தில் சேர்ந்த ஆசிரியர்கள் 2006 ஜூன் முதல் தேதியிலிருந்து காலமுறை ஊதியத்துக்கு வந்தது அப்படி. சில நேரம் காத்திருப்பு நீண்டிருக்கிறது. 2015இல் போட்டித் தேர்வு எழுதி எடுக்கப்பட்ட செவிலியர்கள் மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் சேர்ந்தார்கள், இரண்டு ஆண்டில் நிரந்தரம் என்ற எதிர்பார்ப்போடு. இரண்டு ஆண்டு கடந்த பிறகு, 2017 நவம்பரில் சென்னையில் மருத்துவத் துறை அலுவலகங்கள் இருக்கும் டிஎம்எஸ் வளாகத்தில் தரையில் உட்கார்ந்து அந்த வாக்கைக் கேட்டார்கள். உச்ச நீதிமன்றமோ 2006 ஏப்ரலில் உமாதேவி வழக்கில், பல ஆண்டு வேலை பார்த்தார் என்பதாலேயே தற்காலிக ஊழியருக்கு நிரந்தரம் கேட்கும் உரிமை வந்துவிடாது என்று சொல்லியிருந்தது. முறையாக ஒப்புதல் பெற்ற பணியிடத்தில் பத்து ஆண்டுக்கு மேல் இருந்தவர்களை ஒரே ஒரு முறை பரிசீலிக்கலாம் என்றும் சொன்னது. அந்தத் தீர்ப்பின் முதல் பாதியை மட்டும் படித்துவிட்டுக் கோப்பை மூடிய அதிகாரிகளும் உண்டு.

இதில் வெளியாட்களுக்கு அதிகம் தெரியாத ஒரு வகை இருக்கிறது. ஆள் நிரந்தரம், பணியிடம் தற்காலிகம். அரசு ஒரு பணியிடத்தை உருவாக்கும்போது அதைத் தற்காலிகப் பணியிடமாகவே உருவாக்கி, பிறகு காலம் முடிய முடிய 'தொடர் நீட்டிப்பு ஆணை' போட்டு ஓட்டும். என் சித்தி அப்படியொரு பணியிடத்தில் ஆசிரியையாக இருந்தார். தேர்ச்சி, நியமனம், பணிவரன்முறை எல்லாம் முறையாக முடிந்தவர். ஆனாலும் நீட்டிப்பு ஆணை தாமதமாகும் மாதங்களில் கருவூலத்தில் சம்பளப் பட்டியல் நிற்கும். அந்த மாதங்களின் முதல் வாரம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பள்ளியிலிருந்து வரும் வழியில் மளிகைக் கடையில் நிற்பார்.

"அண்ணாச்சி, இந்த மாசம் பத்து நாள் பொறுத்துக்குங்க. ஆர்டர் இன்னும் வரல."

"அதுக்கென்ன டீச்சர், எப்பவும் நடக்கறதுதானே. சாமானை எடுத்துட்டுப் போங்க."

கடை நோட்டில் சித்தி பெயருக்கு நேரே தொகையை எழுதி, பக்கத்தில் தேதிக்கான இடத்தை அண்ணாச்சி காலியாக விடுவார். ஆணை வந்து, சம்பளம் வந்து, பாக்கியைக் கொடுத்த அன்று அந்த இடத்தில் தேதி போடுவார்.

சித்தி 27 ஆண்டு அந்தப் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றார். பிரிவுபசார விழாவுக்கு விளையாட்டுத் திடலில் பந்தல் போட்டிருந்தார்கள். மறுநாள் காலை அதைப் பிரித்துவிட்டார்கள். சித்தி உட்கார்ந்திருந்த பணியிடம் அன்றும் ஏடுகளில் தற்காலிகப் பணியிடம்தான். அடுத்த நீட்டிப்பு ஆணைக்காக அங்கே சேர்ந்த புது ஆசிரியை காத்திருக்கிறார்.